மறியலில் நின்ற பஸ்ஸும் ஏழு நட்சத்திரங்களும்

"ஆயிரக்கணக்கான வருசம் ஆகுற காரியத்த நீ நாலு வருசத்துல படிச்சு முடிச்சிருவியா? அதுக்கு நம்ம கொழுந்து வெல எப்ப ஏறும்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. புண்ணியமாப் போகும்."

இப்படிச் சொன்னவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கண்டாக்கு ஐயா. மலையில் நின்று வேலை வாங்குகிறவரைச் சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, காலையில் பேர் கொடுக்கும் இடத்தில், கொழுந்துக் கூடைகளோடு நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று அம்மாவும் சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்போதுதான் பெங்களூரில் வானியல் ஆய்வில் சேர்ந்திருந்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் அவருக்கு ஒரு நல்ல பதில் கிடைத்தது. அதற்குள் தேயிலை விலை இன்னும் விழுந்து, கண்டாக்கு ஐயா வேலையை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போய்விட்டார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைக் காணாமல் நிற்பது எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் கேட்ட அந்த ஆயிரக்கணக்கான வருடக் காரியம் இதுதான். நம் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரம் வயதான காலத்தில் ஊதிப் பெருத்துச் சிவந்து, தன் மேல்தோலை மெல்ல மெல்ல உதறிவிடுகிறது. உதறியது வாயுவும் தூசியுமாகச் சுற்றிலும் பரவுகிறது. உள்ளே மிஞ்சிய சிறு நட்சத்திரம் சூடேறிக்கொண்டே போகிறது. போதுமான சூடு ஏறியதும் அதன் புற ஊதா ஒளி பட்டு, விலகிப்போன வாயு பச்சையும் சிவப்புமாக ஒளிர ஆரம்பிக்கும். இதைக் கோள் நெபுலா என்கிறோம். கோளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கியில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. தோலை உதறி முடித்ததற்கும் ஒளிர ஆரம்பிப்பதற்கும் நடுவிலே ஒரு இடைக்காலம் இருக்கிறது. நட்சத்திரத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது ஒரு கண் சிமிட்டல், நமக்கோ பல தலைமுறை. அந்த இடைக்காலம்தான் என் ஆராய்ச்சி.

இதற்காக வெளிநாட்டில், கடலுக்கு நடுவே ஒரு தீவின் மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் எனக்கு ஆறு இரவுகள் கிடைத்திருந்தன. இன்னொரு தடவை கேட்டால் கிடைக்க இரண்டு வருடமாவது ஆகும், அதற்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். ஆறு இரவும் கைக்கு வர இரண்டு காரியம் பாக்கி. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் என்னை என் வீட்டில் வைத்து நேரில் பார்க்க வேண்டும். பார்க்கப் போகும் இருபது நட்சத்திரங்களின் பட்டியலில் திருத்தம் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் திருத்தம் எதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே ஒரே வேலைதான் என்று நினைத்துத் திங்கட்கிழமை மலையேறினேன்.

மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ் பர்லியாறில் நின்றது. ரேடியேட்டரில் ஆவி. டிரைவர் ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க, எல்லோரும் இறங்கிப் பலாச்சுளை தின்றோம். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீ வாயில் வைக்க முடியவில்லை. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் ஊரில், பெங்களூர் ஆய்வுக்கூட வாசல் டீயை விட மட்டமான டீ! கடைக்காரரிடம் கேட்டே விட்டேன்.

"நல்ல தூளெல்லாம் ஏலத்துக்குப் போயிருதுங்க. இப்ப அங்கயும் வாங்க ஆளில்லீங்க. எங்களுக்கு வர்றது கூட்டி அள்ளுனதுங்க" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். அந்த டீயையும் ஒரு வர்க்கியை முக்கித் தின்று ஒப்பேற்றினேன்.

எங்கள் லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், பத்தில் நான்கு பூட்டிக் கிடந்தது. திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் அங்கேதான், ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. அம்மாவுக்கும் மூன்று நாள்தான் வேலை.

"போலீசு வருவாருன்னு சொன்னியே, என்னா பண்ணின? சும்மா வருவாரா?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. வெளிநாடு போறதுக்கு விசாரிக்க வர்றாரு."

"நாங்க கப்பல்ல வந்தப்போ இப்பிடி ஒருத்தரும் ஊட்டுக்கு வந்து பாக்கலியே. அங்கயே வரிசையில நிக்க வெச்சுப் பாத்து அனுப்பிட்டாங்க." சொல்லிவிட்டு ரொட்டி தட்டப் போனாள். தேங்காய் போட்ட ரொட்டியும் சம்பலும். பெங்களூர் விடுதியில் நான் கனவு காண்பது அதைத்தான்.

செவ்வாய் முழுக்கக் காத்திருந்தேன். போலீஸ் வரவில்லை. இரண்டு தடவை நாய் குரைத்தது. ஒன்று பால்காரர், இன்னொன்று குரங்கு.

புதன்கிழமை குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் விலாசத்தைப் படித்துவிட்டு, "போஸ்ட் ஆபீஸ் எங்க லிமிட்டுங்க. உங்க லயம் எங்க லிமிட் இல்லீங்க" என்றார்.

"போஸ்ட் ஆபீசும் லயமும் ஒரே எஸ்டேட் சார்."

"எஸ்டேட் ஒண்ணுதானுங்க. நடுவால ஓடை ஓடுதில்லீங்களா? ஓடைக்கு இந்தப்பக்கம் நாங்க, அந்தப்பக்கம் அவங்க. கடுதாசி இங்க வரும், ஆள் அங்க இருப்பீங்க. உங்க ஃபைலு ஊட்டிக்குத் திரும்பிப் போயிருச்சுங்க."

ஒரு நட்சத்திரம் நம்மை நோக்கி வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்பதை அதன் ஒளியைப் பிரித்து வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு ஃபைல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல ஒரு கருவியும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஊட்டி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு கோயமுத்தூர்க்காரர் இரண்டு பெரிய பைகளோடு உட்கார்ந்தார். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு குரல்: "ஏய், நட்சத்திரம்!"

செல்வி. எட்டாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அதன் பிறகு அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் எஸ்டேட்டில் வேலை குறைந்ததும் சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கு நாள்கூலியாகப் போய்வருகிறாள். கேத்தியிலிருந்து இத்தலார்வரை எல்லாத் தோட்டமும் அவளுக்கு அத்துப்படி.

"ஊருக்கு வந்து மூணு நாளாச்சாம். ஒரு எட்டு வந்து பாத்தியா? பெரிய ஆளாகிட்டா ஓடை தாண்ட மாட்டீங்களோ?"

"நீ ஓடைக்கு எந்தப்பக்கம்னு எனக்குத் தெரியாது. போலீசுக்கே தெரியல."

கேத்திப் பிரிவுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. முன்னால் நாற்பது வண்டிகள். பறித்து இரண்டு நாளான பச்சைக் கொழுந்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நடுரோட்டில் கொட்டியிருந்தார்கள். அது கறுத்து வாடி, கொழுந்தை வாட வைக்கும் ஃபேக்டரி மாடியின் வாசனையை ரோடெல்லாம் பரப்பியது. வெள்ளை முண்டும் தலைத்துணியுமாகப் படுகர் பெண்கள் குவியலுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் படுக மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி, "பறிக்கிற கூலிகூட வரலேன்னா செடியிலேயே விட்டிருக்கலாம்" என்றாள். மற்றவள், "விட்டா மரமாயிடும். அப்புறம் ஏணி வாங்கணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் லாரிகளும் ஜீப்புகளும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. மெதுவாகப் போகிறதை வேகமாக வருகிறது பிடித்துவிட்டால் நடுவில் இப்படித்தான் அடர்த்தியாகக் குவியும். கோள் நெபுலாவின் பளபளப்பான விளிம்பும் அப்படி உண்டாவதுதான். வயதான நட்சத்திரம் முதலில் மெதுவான காற்றை வீசுகிறது. பிறகு சூடானதும் வேகமான மெல்லிய காற்று கிளம்பி, முன்னால் போன காற்றைத் துரத்திப் பிடித்துத் தள்ளிக் குவிக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கோயமுத்தூர்க்காரர் திரும்பினார்.

"ஏனுங்க, என்ன படிக்கிறீங்க?"

சொன்னேன்.

"பத்தாயிரம் வருசமுங்களா? அத்தனை நாளு லீவு குடுப்பாங்களாங்க?"

முன் சீட்டில் செல்வி தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும்தான். பதினாறு மாதமாகத் தீட்டி வைத்த பதிலுக்கு ஒருவழியாக ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

"ஒரே நட்சத்திரத்தைப் பத்தாயிரம் வருஷம் பார்க்கத் தேவையில்லைங்க. வெளியே பாருங்க. தேயிலையைக் கவாத்து வெட்டுனா அது மறுபடி வளர்ந்து அடுத்த கவாத்துக்கு வர நாலஞ்சு வருஷமாகும். ஆனா எல்லாத் தோட்டத்தையும் ஒரே வருஷம் வெட்ட மாட்டாங்க. அதோ மொட்டையா நிக்குது பாருங்க, அது இந்த வருஷம் வெட்டினது. அதுக்குப் பக்கத்துல முழங்கால் உயரம், அது போன வருஷம். அந்தச் சரிவுல இடுப்பு உயரம், அது மூணு வருஷம். நான் இந்த ஜன்னல்ல பத்து நிமிஷம்தான் உட்கார்ந்திருக்கேன். அஞ்சு வருஷக் கதையையும் வரிசைப்படுத்திட்டேன். நாங்க நட்சத்திரத்தை அப்படித்தான் படிக்கிறோம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டத்துல இருக்கும். கண்டுபிடிச்சு வரிசையா அடுக்கணும், அவ்வளவுதான்."

"அட! நல்லா இருக்குதுங்களே" என்றார் கோயமுத்தூர்க்காரர்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் செல்வி. "முழுக்கத் தப்பு."

"எது தப்பு?"

"நீ முழங்கால் உசரம்னியே, அத வெட்டி எட்டு வருசமாச்சு. போன மாசம் நான்தான் அங்க வேல செஞ்சேன்."

"எட்டு வருஷமா? அப்போ அது தலைக்கு மேல நிக்கணுமே!"

"நிக்கும், கையால கிள்ளுனா. கிள்ள ஆளு வெக்கக் காசில்லன்னு கத்தரி போட்டு மட்டமா வெட்டியே எடுக்கிறாங்க. வெட்ட வெட்ட அது அங்கனயே நிக்கும், ஏறாது. எறங்கி வா, காட்டுறேன். பஸ்ஸு எங்கயும் ஓடிறாது."

தேயிலை லயத்தில் பிறந்தவள் நான். எனக்குத் தேயிலையைக் காட்டுகிறாளாம். கோபத்தோடுதான் இறங்கினேன். செல்வி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இரண்டு செடிகளுக்கு நடுவில் குனிய வைத்தாள்.

மேலே தட்டையாக, பச்சையாக, இளசாகத் தெரிந்த செடியின் உள்ளே விரல் விரலாக முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் காக்கைக் கால் மாதிரி நாலைந்து குச்சி. அதன் மேல் இன்னொரு முடிச்சு. பாசி பிடித்த பழைய கட்டை.

"அங்க பாரு" என்று நிஜமாகவே போன வருடம் வெட்டிய பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினாள். அதே உயரம். ஆனால் அடியில் சுத்தமான வெட்டு, அதிலிருந்து நேராக எழும்பிய சிவப்புத் தளிர்க்கம்பு. "ஒசரத்தப் பாத்து வயசு சொல்லுறது நல்ல காலத்துல சரி. இப்போ ஆளாளுக்கு ஒவ்வொண்ணு பண்ணுறாங்க. ஒருத்தன் வெட்டாமயே உடுறான், ஒருத்தன் கத்தரி போடுறான். அடியப் பாக்காம எதுவும் சொல்ல ஏலாது. ஒங்க காலேஜுல சொல்லித் தரலியா?"

அவள் கிண்டல் செய்துகொண்டே இருந்தாள். நான் குனிந்தபடியே இருந்தேன். முதுகு வலித்தது தெரியவில்லை.

என் இருபது நட்சத்திரங்களையும் நான் தூசியின் சூட்டை வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருந்தேன். உதறிய தூசி நட்சத்திரத்தைவிட்டு விலக விலகக் குளிரும். ஆகவே தூசி வெதுவெதுப்பாக இருந்தால் உதறி அதிக காலமாகவில்லை, குளிர்ந்திருந்தால் காலமாகிவிட்டது. இந்தக் கணக்கில் ஏழு நட்சத்திரங்கள் 'இப்போதுதான் உதறி முடித்தவை' என்ற ஒரே இடத்தில் வந்து குவிந்திருந்தன. என் வழிகாட்டி அப்போதே கேட்டார்: "அது மிகச் சீக்கிரம் கடந்துபோகிற கட்டம் ஆயிற்றே. அங்கே இருபதில் ஏழு எப்படி அகப்படும்?" இளம் தூசிதான் அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும், அதனால் அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது என்று சட்டென்று பதில் சொன்னேன். சட்டென்று பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. அவரும் விட்டுவிட்டார்.

தூசி விலகாமலே இருந்தால்? நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் இருந்து, இரண்டும் சேர்ந்து தூசியை வெளியே போகவிடாமல் வட்டமாகச் சுற்ற வைத்திருந்தால்? அது அங்கேயே, அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். இளசு போலவே தெரியும், ஆனால் வெகு காலமாக அப்படியே இருக்கும். ஒருவேளை அது ஒருநாளும் கோள் நெபுலாவாக ஒளிராமலே போய்விடலாம். அப்படிப்பட்டவை உண்டு என்று நான் படித்திருக்கிறேன். என் பட்டியலில் இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"என்னா, செடிக்குள்ள தூங்கிட்டியா?" என்றாள் செல்வி.

ரோட்டுக்கு ஏறினால் கொழுந்துக் குவியலுக்குப் பக்கத்தில் போலீஸ் நின்றது. மாவட்டத்துப் போலீஸ் பாதி அங்கேதான் இருந்தது. அதில் ஒரு ஏட்டு, படுகர் பெண் ஒருத்தி கொடுத்த அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். எதற்கும் கேட்டு வைப்போமே என்று போய் என் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன்.

"அட, நீங்கதானுங்களா? சிலோன்காரங்க ஊட்டுப் பொண்ணு, பெங்களூர்ல படிக்கிறீங்க. உங்க ஃபைலு எங்கிட்டத்தான் இருக்குதுங்க!"

என்னைத் தேடுகிறவர் எனக்கு முன்னால் நின்று உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். "அப்போ பார்த்துட்டீங்க இல்ல சார்? கையெழுத்துப் போட்டுடுங்க."

"அதெப்படிங்க? ஊட்டுல வெச்சுத்தானுங்க பாக்கோணும். ரோட்டுல பாத்தேன்னு எழுத முடியுங்களா?"

"ஆள் நான்தானே சார்."

"ஆளு நீங்கதானுங்க. எடம் அதில்லீங்களே." உருளைக்கிழங்கில் உப்பைத் தொட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில பத்துலருந்து பதினொண்ணுக்குள்ள வர்றேனுங்க. இருந்துக்கோங்க. ஆளில்லீன்னா ஆளில்லீன்னுதான் எழுதுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

மறியல் மூன்று மணிக்குத்தான் முடிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த தாள்களைப் பாயில் பரப்பினேன். அந்த ஏழில் ஐந்துக்கு நம் நாட்டுத் தொலைநோக்கியில் முன்பே எடுத்த ஒளிப்பிரிகை வரைபடங்கள் என்னிடம் இருந்தன. செல்வி சொன்ன அடிக்கட்டையை நட்சத்திரத்திலும் பார்க்க ஒரு வழி உண்டு. சுற்றும் தூசியில் இரும்பு போன்றவை சிக்கிக்கொள்ளும், வாயு மட்டும் நட்சத்திரத்தின் மேலேயே திரும்பி விழும். அதனால் நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இரும்பு குறைந்து, எளிதில் தூசியில் சிக்காத துத்தநாகம் மட்டும் அளவாக நிற்கும். ஸ்கேலை வைத்து அளந்தேன். ஐந்திலும் இரும்பு இருப்பதைக் காட்டும் கோடுகள் மெலிந்து கிடந்தன. துத்தநாகம் குறையவில்லை. இந்தத் தாள்களை நான் ஒரு வருடமாகச் சுமக்கிறேன். இரும்புக் கோடு மெலிந்திருந்ததை, பழங்காலத்து நட்சத்திரம், பிறக்கும்போதே இரும்பு குறைவு என்று ஓரத்தில் குறித்துவிட்டு நகர்ந்திருந்தேன். என் கையெழுத்தில், கீழே அடிக்கோடு வேறு.

மற்ற இரண்டுக்குத் தாள் இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நாளைக்கி நான் பேர் குடுக்கப் போகல. ஏட்டையாவுக்கு ரொட்டி சுடணும். நீ என்னாத்துக்கு மொகத்த இப்பிடி வெச்சிருக்க?"

"அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு நான் குன்னூர் நெட் சென்டர்ல இருக்கணும். அதுக்கு முன்னால கடை திறக்குமான்னு தெரியாது."

"ஏட்டையா வர்ற நேரத்துலயா? கிறுக்கா புள்ள ஒனக்கு?"

காரணத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். போகாமல் இருந்தால் பழைய பட்டியலே நிற்கும். பாஸ்போர்ட் வரும், தீவுக்குப் போவேன், ஏழு நட்சத்திரத்தின் தவறான வயதை ஆறு இரவு உட்கார்ந்து இன்னும் துல்லியமாக அளந்துகொண்டு வருவேன். போனால் பட்டியல் சரியாகும், பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று தெரியாது.

"தப்பா எழுதினது ஒனக்கு மட்டுந்தானே தெரியும்?" என்றாள்.

"செல்விக்கும் தெரியும்."

அம்மா மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "சரி போ. நான் புடிச்சி ஒக்கார வெக்கிறேன். ரொட்டி முடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு."

வெள்ளிக்கிழமை ஏழு மணி பஸ் வரவில்லை. எட்டரை பஸ்ஸில் குன்னூர் போனேன். நெட் சென்டர் பூட்டியிருந்தது. பூஜை முடித்துக் கடைக்காரர் திறந்தபோது ஒன்பதே முக்கால். கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் கரண்ட் போயிற்று. பக்கத்தில் ஒரு சுற்றுலாக் குடும்பம், ஊட்டியில் மழை பெய்யுமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, "பெய்யும், பெய்யாமலும் இருக்குமுங்க" என்றார். கரண்ட் வந்தது. மோடம் கீச்சிட்டது, துண்டித்தது, மறுபடி கீச்சிட்டது.

ஏழையும் நீக்கிவிட்டால் பதின்மூன்றுக்கு ஆறு இரவு எதற்கு என்று கேட்டுக் குறைத்துவிடுவார்கள். ஆகவே நீக்கவில்லை. தனியாகப் பிரித்து, அவை வேறு இனமா என்று சோதிக்க இரண்டு இரவு, மீதிப் பதின்மூன்றுக்கு நான்கு இரவு என்று எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில்தான் கை நின்றது. 'புதிய தகவல்களின் அடிப்படையில்' என்று ஆரம்பித்தேன். புதிய தகவல் எதுவும் இல்லை. எல்லாம் ஒரு வருடமாக என் பையில் இருந்தவை. அழித்துவிட்டு, 'முந்தைய பட்டியலில் ஏழு நட்சத்திரங்களின் கட்டத்தை நான் தவறாகக் கணித்துவிட்டேன்' என்று எழுதினேன். வழிகாட்டிக்கும் ஒரு நகல் போட்டேன். அனுப்பும்போது பதினொன்று இருபது.

திரும்புகிற பஸ் எங்கள் எஸ்டேட் வளைவில் ஏறும்போது, எதிரே ஒரு டிவிஎஸ் வண்டி இறங்கியது. ஏட்டு. பின்னால் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் கட்டியிருந்தது. அம்மாவின் ரொட்டியாகத்தான் இருக்கும். ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

அவர் வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: "பதினொண்ணே முக்கால் வரைக்கும் இருந்தேனுங்க! ஆளில்லீன்னு எழுதிட்டேன்! திங்கக்கெழமை ஊட்டிக்கு வந்து மனு குடுங்க, மறுபடி வர்றேன்! ரொட்டி நல்லாயிருந்துச்சுங்க!"

வீட்டில் செல்வி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரோடு சண்டை போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. "நீ இந்த ஊட்டு ஆளுதான்னு நான் சத்தியம் பண்ணுறேன்னேன். செல்லாதுன்னுட்டாரு மனுசன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனேன். வழியில் எதுவும் பழுதாகவில்லை, யாரும் மறிக்கவில்லை. ஆச்சரியம்தான். மாவட்ட அலுவலகத்தில் மனுப் படிவம் தந்தார்கள். பெயர், விலாசம், ஓடைக்கு எந்தப் பக்கம் என்பது உட்பட எல்லாம் நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம்: விசாரணையின்போது வீட்டில் இல்லாத காரணம். உடம்பு சரியில்லை என்று எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர் யோசனை சொன்னார். அதுதான் சீக்கிரம் நகருமாம்.

'ஏழு நட்சத்திரங்களின் வயதைத் தவறாக எழுதியிருந்தேன், அதைத் திருத்தப் போயிருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எழுத்தர் படிக்காமலே முத்திரை குத்தி, ஒரு நகலை என் பக்கம் தள்ளினார்.